போர்க்களமும் பள்ளிப் பிள்ளைகளும்

சிறுவர்க்கு வரலாறு ஆண்டுகளின் அடுக்காகவே அறிமுகமாகிறது. 1942 பிப்ரவரி 15 என்று எழுதி மதிப்பெண் பெறும் மாணவன், அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததன் பொருளை உணர்வதில்லை. புக்கிட் சண்டுக் குன்றில் நிற்கும்போதுதான் ஏடு உயிர்பெறுகிறது. வீழ்ச்சிக்கு முதல்நாள், மலாய்ப் படைப்பிரிவின் லெப்டினண்ட் அட்னான் சைடி தம் வீரருடன் இறுதிவரை போரிட்டு மடிந்த இடம் அது. பெரும்படையைச் சிறு குழுவொன்று எதிர்த்து நின்றதன் அருமை, குன்றின் சரிவைக் கண்ட பிள்ளைக்கு விளக்காமலே விளங்கும்.

கண்டதைப் பள்ளி மேடையில் நடித்துக் காட்டும்போது எச்சரிக்கை வேண்டும். மரத் துப்பாக்கி ஏந்திய பிள்ளைக்குப் போர் வெறும் விளையாட்டாகிவிடலாம். பகைவனாக நடிக்கும் தோழன் மெய்ப்பகைவனாகவே தோன்றிவிடலாம். ஆகவே, வீரரோடு அரிசிப் பங்கீட்டுக்குக் காத்து நின்ற தாயும், மரவள்ளிக் கிழங்கால் பசியாறிய குடும்பமும், சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழரும் மேடையேற வேண்டும்.

அதன்பின் பிள்ளைகளைக் கிராஞ்சிப் போர் நினைவிடத்துக்கு அழைத்துச் செல்லலாம். கல்லறை இன்னதென்று அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய வீரர் பெயர்களும் அவற்றுள் உண்டு. நாடகத்தில் வீழ்ந்த சிறுவன் கைதட்டல் கேட்டு எழுந்துவிடுகிறான். அச்சுவரில் பெயராய் நிற்பவரோ மீண்டும் எழவில்லை. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் அங்கு அமைதியாக நின்று உணர்வார்களாயின், ஆசிரியர் மேற்கொண்ட பயணம் பயனுடையதே.