அழைத்தல் என்றால் குரல் கேட்க வேண்டுமா?

படிப்பு முடியும் வருடத்தில் வங்கித் தேர்வா, குருமடமா, சி.ஏ.வா, கன்னியர் மடமா என்று குழம்பும் கிறிஸ்தவ மாணவர்கள் நிறையப் பேர் உண்டு. இறையழைத்தல் என்றதும் அவர்களுக்கு நினைவுக்கு வருவது, ஆலயத்தில் படுத்திருந்த சிறுவன் சாமுவேலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல். தங்களுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லையே என்று காத்திருக்கிறார்கள். இவர்கள் லொயோலா இஞ்ஞாசியாரின் கதையைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம். அவருக்கு எடுத்த எடுப்பில் குரல் எதுவும் கேட்கவில்லை. பீரங்கிக் குண்டு காலை நொறுக்கியது, அவ்வளவுதான்!

1521-ல் ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது நடந்தது அது. போர்வீரர், அலங்காரப் பிரியர் வேறு. எலும்பு துருத்திக்கொண்டு அசிங்கமாக ஒட்டிவிட்டதென்று மறுபடி அறுக்கச் சொன்னவர் (மயக்க மருந்து இல்லாத காலம்!). வீட்டில் படுத்தபடி வீரதீரக் கதைகள் கேட்டார். கிடைத்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான்.

நடுநடுவே பகற்கனவு. உயர்குடிப் பெண் ஒருத்தியின் மனதைக் கவர்வது எப்படி என்று மணிக்கணக்கில் ஒரு கனவு. அசிசியாரும் தோமினிக்கும் செய்ததைத் தானும் செய்தால் என்ன என்று இன்னொன்று. காணும்போது இரண்டுமே இனித்தன. ஆனால் முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டுபோனது. இரண்டாவது கலைந்த பிறகும் ஒரு நிறைவு தங்கியது. ஒருநாள் இந்த வித்தியாசம் அவருக்கு உறைத்தது. பின்னாளில் அவர் எழுதிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் உள்ள தெளிந்து தேர்தல் விதிகளுக்கு விதை இதுதான்.

சுவாரஸ்யம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. எருசலேமிலேயே தங்கி ஊழியம் செய்வதுதான் தன் அழைத்தல் என்று உறுதியாக நம்பினார். 1523-ல் போயும் சேர்ந்தார். அங்கே பொறுப்பிலிருந்த பிரான்சிஸ்கன் தலைவர், தங்கக் கூடாது, திரும்பிப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மீறினால் சபைநீக்கம்! திரும்பி வந்து, 33 வயதில் பார்சிலோனாவில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து லத்தீன் படித்தார். 21 வயதிலேயே எல்லாம் லேட்டாகிவிட்டது என்று பதறுகிறவர்கள் கவனிக்க...

அப்படியென்றால் அவர் உணர்ந்த நிறைவு பொய்யா? அப்படித் தோன்றவில்லை. கடவுளுக்காக உழைக்க வேண்டும் என்பதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். ஊர்ப்பெயரை மட்டும் அவராகச் சேர்த்துக்கொண்டார். 1537-ல் நண்பர்களோடு மறுபடி முயன்றபோதும் வெனிசுக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டு கப்பல் கிடைக்கவில்லை. ரோமுக்குப் போனார்கள். 1540-ல் இயேசு சபைக்குத் திருத்தந்தையின் அங்கீகாரம் கிடைத்தது. அதன் தலைவராகி, 1556-ல் இறக்கும்வரை பெரும்பாலும் ரோமில் உட்கார்ந்து கடிதம் எழுதினார். கிட்டத்தட்ட 7,000 கடிதங்கள்! எருசலேம் கனவு கண்ட போர்வீரருக்குக் கிடைத்தது ஆபீஸ் வேலை.

அதே 1540-ல் இந்தியாவுக்குப் போகவேண்டிய பொபடில்லா நோயில் படுத்துவிட்டார். பதிலுக்கு யார் என்று பார்த்தபோது பக்கத்தில் இருந்தவர் பிரான்சிஸ் சவேரியார். கேட்டதும் சரி என்று கிளம்பினார். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர் கிராமங்களில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தட்டுத்தடுமாறித் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்தார்.