ஆயில் மாற்றிய மறுநாள் கேட்ட சத்தம்... காரைக் காப்பாற்றிய தையல்காரப் பெண்ணின் காது!

பாளையங்கோட்டையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் அந்தப் பெண்ணுக்கு கார் ஓட்டத் தெரியாது. ஆனால், 20 வருடங்களாகத் தையல் மெஷின் மிதிப்பவர். எண்ணெய் வற்றினால் மெஷின் எப்படிச் சத்தம் போடும், பாபின் சரியாக உட்காராவிட்டால் எப்படிச் சத்தம் போடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

கணவர் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் நகைக்கடன் என்று சேர்த்து வாங்கிய செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் கார்தான் குடும்பத்தின் பெரிய சொத்து. அடகு வைத்த வளையல்கள் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன.

தென்காசியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒன்பதாம் மாத வளைகாப்பு. ஞாயிற்றுக்கிழமை போய், விழா முடிந்ததும் மகளை இதே காரில் அழைத்துவர வேண்டும். 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம், வண்டியில் நிறைமாத கர்ப்பிணி. அதனால்தான் சனிக்கிழமை சாயங்காலமே வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி வைத்திருந்தார் கணவர்.

விடியற்காலை ஐந்து மணி. புளியோதரை, தேங்காய்ச் சாதம், கண்ணாடி வளையல் என எல்லாம் பின் சீட்டில் ஏறிவிட்டன. காரை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம்.

“புது ஆயில்லா, கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்” என்றார் கணவர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆயில் மாற்றும்போது ஃபில்டர் காலியாக இருக்கும். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பம்ப் ஆயிலை இழுத்து ஃபில்டரை நிரப்பி, இன்ஜினின் மேல்பகுதி வரை கொண்டுபோக சில விநாடிகள் ஆகும். அதுவரை டேப்பெட் பக்கம் தட்டும் சத்தம் வரலாம். ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். ஆனால், அது முதல் ஸ்டார்ட்டில் வர வேண்டியது. முந்தைய நாள் வொர்க்‌ஷாப்பிலேயே முடிந்துபோயிருக்க வேண்டும்.

இப்போதோ, தெருமுனைக்கு வந்தும் சத்தம் அடங்கவில்லை. “ஏங்க, இது எண்ணெய் இல்லாத மெஷின் சத்தம். ஆஃப் பண்ணுங்க” என்றார் மனைவி. “சிவப்பு லைட்டே எரியலையே” என்றார் கணவர். ஆனாலும், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சாவியைத் திருப்பிவிட்டார்.

ஆயில் கேன் வடிவ சிவப்பு விளக்கு பற்றிப் பலருக்கும் இருக்கும் தப்புக்கணக்கு இது. அந்த விளக்கு பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டும். அழுத்தம் மிகவும் விழுந்த பிறகே எரியும். எரிந்துவிட்டால் அடுத்த பங்க் வரை போகலாம் என்று நினைக்கக் கூடாது. அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்த வேண்டும். அதற்கு முன்பே ஆயில் நன்றாகக் குறைந்திருக்கலாம்.

பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவினார் கணவர். துணியால் துடைத்து, மறுபடி முழுசாக விட்டு எடுத்தார். கீழ்க்கோட்டுக்கும் கீழேதான் ஆயில் ஒட்டியிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் திரும்பி நடந்தபோது, வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை புது ஆயில் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது.

வாடகைக் காரைப் பிடித்துத்தான் தென்காசி போனார்கள். வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது.

திங்கட்கிழமை காலை மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். ஃபில்டரைக் கழற்றியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளங்கையில் இரண்டு ரப்பர் வளையங்களை வைத்துக் காட்டினார். “அண்ணாச்சி, பழைய ஃபில்டரோட ரப்பர் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு இருந்துருக்கு. அதுக்கு மேலயே புதுசை மாட்டிட்டேன். பாக்காம விட்டது என் தப்புதான்.”

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் இருந்தால் ஃபில்டர் சரியாக உட்காராது. காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் கூடி, அந்த இடைவெளி வழியே ஆயில் பீய்ச்சி வெளியேறிவிடும். அப்படியே 50 கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் பேரிங்குகள் உரசி இன்ஜின் பிடித்திருக்கும். பிறகு இன்ஜினைப் பிரித்துத்தான் வேலை பார்க்க வேண்டும். ஆயில் நிரப்பி ஓட்டிப் பார்த்ததில் சத்தம் இல்லை. மெக்கானிக் காசு வாங்கவில்லை. கணவரும் சண்டை போடவில்லை.

ஆயில் மாற்றிய பின் சத்தம் வர வேறு காரணங்களும் உண்டு. ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால், கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயில் சரியாக மசகு போடாது. வண்டிக்குத் தவறான கிரேடு ஊற்றினாலும் சத்தம் மாறும். ‘5டபிள்யூ-30’ என்பதில் முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், இரண்டாவது எண் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் சொல்கிறது. உங்கள் காருக்கு எது என்பது உடன் வந்த கையேட்டிலேயே இருக்கும். “கெட்டி ஆயில் ஊத்தினா சத்தம் போயிடும்” என்று யாராவது சொன்னால், சத்தம்தான் மறையும். கோளாறு அப்படியே இருக்கும். சில சமயம் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரைச் சரியாக முடுக்காமல் விட்டதால்கூட ‘கடகட’ என்று ஆடும். அது இன்ஜின் கோளாறே இல்லை.

அதனால், ஆயில் மாற்றியதும் வொர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள். அடியில் குனிந்து சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். பிறகு நிறுத்தி, சமதளத்தில் வைத்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய ஃபில்டரை வாங்கி, அதில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மறுநாள் காலையில் வாசலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மூன்று வாரம் கழித்து, நள்ளிரவில் மகளுக்கு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு அதே காரில்தான் போனார்கள். ஸ்டார்ட் செய்ததும் மனைவி ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, “கிளம்புங்க” என்றார்.