காயம் படாத வெட்டு

பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர்க்கு வெட்டின் நுட்பம் தெரியும். பட்டையை மட்டுமே மெல்லச் சீவ வேண்டும். உள்மரத்தைக் கத்தி தீண்டலாகாது. தீண்டினால் அவ்விடம் புடைத்து, மறுவெட்டுக்கு உதவாமற்போகும். சுங்கை சிப்புட்டை அடுத்த தோட்டமொன்றில் என் தாயார் முப்பது ஆண்டுகள் பால் வெட்டினார். புதிதாக வேலைக்கு வந்தோரின் கையைப் பிடித்து வெட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

1998ஆம் ஆண்டில் அவருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்டது. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்றேன். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரங்கள் கதிர்வீச்சு. "ஒரே நாள்ல முடிச்சிடக் கூடாதாய்யா?" என்று கேட்டார். வகுப்பில் எவ்வினாவுக்கும் விடை சொல்லிப் பழகிய நான், அன்று வாய்மூடி நின்றேன்.

அவ்விடையை அண்மையில் என் பழைய மாணவி தந்தாள். மருத்துவராகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அவள் மீண்டும் மாணவி. புற்றுநோய் மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சி பெறுகிறாள். முன்னாளில் இத்துறையை நாடியோர் இங்கிலாந்து போன்ற நாடுகளுக்குச் சென்று பயின்றனர். மலாயாப் பல்கலைக்கழகம் 2002ஆம் ஆண்டில் நான்காண்டுப் படிப்பை இங்கேயே தொடங்கியது. மருத்துவரான பின்னும் அவர்கள் இயற்பியலையும், கதிர்வீச்சு உயிரணுவை என்ன செய்யும் என்பதையும் கற்றாக வேண்டும்.

"நலமான உயிரணு, கதிர்பட்ட காயத்தை அடுத்த நாளுக்குள் பெரிதும் ஆற்றிக்கொள்ளும் ஐயா. புற்றணுவுக்கு அத்திறன் குறைவு. அதனால்தான் நாள்தோறும் சிறு கூறாகக் கொடுக்கிறோம்" என்றாள்.

உடலின் குறுக்குவெட்டுப் படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாக வைத்து, புற்றைச் சுற்றி ஒரு கோடு, சிறுநீர்ப்பையைச் சுற்றி ஒரு கோடு, மலக்குடலைச் சுற்றி மற்றொன்று என வரைவாளாம். மூத்த மருத்துவர் பார்த்துத் திருத்துவார். கோடு சில மில்லிமீட்டர் உள்ளே ஒதுங்கினால் நோயின் ஓரம் தப்பிவிடும். வெளியே நகர்ந்தால் நல்ல உறுப்பு புண்படும். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் என் பாடத்திட்டத்தில் விழுந்த சிவப்பு மைக் கோடுகள் நினைவுக்கு வந்தன. என் பிழையால் ஒரு பாடமே கெட்டது. அவள் பிழை ஓர் உயிரைத் தொடும்.

"படிப்பு எப்போது முடியும்?" என்று பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பர். எங்கே நிறுத்த வேண்டும் என்று கை அறியும்வரை முடியாது என்பதே இனி என் மறுமொழி.

சிகிச்சைக்குப் பின் பதினோராண்டுகள் வாழ்ந்த தாயாரிடம் இவ்விடையைச் சொல்லக் கொடுத்து வைக்கவில்லை. தோட்டம் இன்று செம்பனைக் காடு. பால்மரத்தையே காணாத ஆறாம் ஆண்டு மாணவர்க்கு, பட்டையும் கத்தியும் கரும்பலகையில் வரைந்து, அதைச் சொல்லி வருகிறேன்.