முதல் கேமரா: பாடியா, லென்ஸா?

பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவர் முதல்முறையாக நல்ல கேமரா வாங்கப் போனால் கடையில் கேட்பது, "எத்தனை மெகாபிக்ஸல்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "இதில் எந்த லென்ஸ் மாட்டலாம்?"

பாடி சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் கூடவே வரும். நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-லும், கேனனின் இ.எஃப். மவுண்ட் 1987-லும் வந்தவை. அந்த லென்ஸ்கள் இன்றும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன.

இங்கேதான் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 2006-ல் வந்த நிக்கான் டி40 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை அதில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஓடுகிற குழந்தை அதுவரை நிற்காது! பின்னால் வந்த டி3000, டி5000 வரிசைகளிலும் இதே கதைதான். ஏ.எஃப்-எஸ் லென்ஸில் மோட்டார் உள்ளேயே இருக்கும். விலையும் கொஞ்சம் கூடும். டி90 போன்ற பாடிகளில் இந்தத் தொல்லை இல்லை. கேனன் இ.எஃப். லென்ஸ்களிலோ மோட்டார் ஆரம்பத்திலிருந்தே லென்ஸுக்குள்தான்.

மாதாமாதம் பாக்கெட் மணியில் மிச்சம் பிடித்த காசு ஒரு தடவைதான் சேரும். பாடி விலையையும் லென்ஸ் விலையையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகு கடைக்குக் கிளம்புவது நல்லது.