மேலே வைத்த கோப்பு

ஆங்கிலத்தின் பெரிய சொற்கள் நம்மை ஏமாற்றியதில்லை. அகராதியைப் புரட்டினால் அவை பணிந்துவிடும். நம்மை இடறி விழச் செய்தவை ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ என்னும் சின்னஞ்சிறு சொற்களே.

தமிழ்வழியில் பி.ஏ. பயின்று, 2004ஆம் ஆண்டில் தில்லியில் நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தோம். சேர்ந்த இரண்டாம் வாரம், கடைநிலை ஊழியரான முதியவர் ஒருவர், மனைவியின் அறுவைச் சிகிச்சைக்குச் செலவிட்ட தொகையைக் கோரி விண்ணப்பித்திருந்தார். அதன் ஓரத்தில் பிரிவு அலுவலர் ‘புட் அப்’ என்றெழுதிக் கையொப்பமிட்டிருந்தார். ‘புட்’ என்றால் வை. ‘அப்’ என்றால் மேலே. தெரிந்த சொற்களாயிற்றே, அகராதி எதற்கு? கோப்பை இரும்பு அலமாரியின் மேலே வைத்தோம். கட்டளையை நிறைவேற்றிய மனநிறைவும் கொண்டோம்!

பதினோரு நாள்கள் கழிந்தன. முதியவர் வந்து கேட்க, அலுவலர் கோப்பைத் தேட, உண்மை வெளிப்பட்டது. அலுவலக வழக்கில் ‘புட் அப்’ என்பதற்கு, உரிய குறிப்புடன் மேலதிகாரியின் பார்வைக்கு வைத்தல் என்று பொருளாம். அறை முழுவதும் சிரித்தது. முதியவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பதினோரு நாளும் கடனுக்கு வட்டி ஏறியது அவருக்கல்லவா? ஆயினும், “பரவாயில்லை, பாபுஜி” என்று இந்தியில் கூறிவிட்டு நடந்தார். ஏசியிருந்தால் மறந்திருப்போம்.

அன்று மாலையே குறிப்பேடு ஒன்று வாங்கினோம். ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திப்போடு. ‘புட் அவுட்’ என்றால் அணை. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். கடைசியது, அம்முதியவர் நம்பொருட்டுச் செய்தது. 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருளை மாற்றும் இவ்வழக்கு அயலாருக்குப் பெருந்தொல்லை தருவது என்று அதன் முன்னுரையில் குறித்திருப்பதைப் பின்னாளில் அறிந்து, சற்றே ஆறுதலுற்றோம்.

வினைவாரியாக மனனம் செய்தபோது வராதது, சிறுசொல்வாரியாக அடுக்கியபோது வந்தது. ‘ஆஃப்’ வருமிடங்கள் பலவற்றில் விலகற்பொருள் உண்டு: ‘டேக் ஆஃப்’ கழற்று, ‘செட் ஆஃப்’ புறப்படு. ‘அப்’ சிலவிடங்களில் முற்றுப்பெறுதலைக் காட்டும்: ‘ஈட் அப்’ என்பது நம் ‘தின்றுதீர்’ அன்றி வேறென்ன?

சென்ற ஆண்டு, ஊரிலிருந்து அன்னையார் லேகியப் புட்டி ஒன்று அனுப்பியிருந்தார். ‘உணவுக்குப் பின் உட்கொள்ளவும்’ என்றிருந்ததைத் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த நம் மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். உணவு முடிந்ததும் புட்டியை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். “உள்ளே வைத்துக்கொள்ளத்தானே அப்பா சொல்லியிருக்கிறது?” என்றாள்.

சிரிப்பு எழுந்தது. பழைய கோப்பு நினைவுக்கு வரவே, அடக்கிக்கொண்டோம். அதே குறிப்பேட்டை எடுத்து, எஞ்சிய பக்கமொன்றில் உட்கொள், மேற்கொள், எதிர்கொள், கைக்கொள் என வரிசையாக எழுதிப் பொருள் சொன்னோம். அவள் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இங்கிலீஷில் பின்னால் வருகிறது, தமிழில் முன்னால் வருகிறது, அவ்வளவுதானே அப்பா?” என்றாள். இருபதாண்டுகள் அக்குறிப்பேட்டைச் சுமந்த நமக்கு இது தோன்றவில்லை.

அயல்மண்ணில் வளரும் நம் பிள்ளைகள் தமிழில் இடறும்போது நகைக்கவேண்டா, அன்பர்களே. நாமும் ஒருநாள் கோப்பை மேலே வைத்தவர்கள்தாம்.