திருத்தும் கலை

கட்டுரை திருத்துவோர் இருவகையினர். பிழையைச் சுழித்துவிட்டு அப்பாற் செல்வோர் ஒருவகையினர். அது பிழையான காரணத்தை எழுதியவனே உணரச் செய்வோர் மற்றொரு வகையினர். பின்னவரே ஆசிரியர்.

யாழ்ப்பாணத்துக்கு இத்தொழில் புதிதன்று. 1868 இல் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தைப் பதிப்பித்தபோது, அதனைப் பரிசோதித்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். ஒரு கண் தவறவிட்டதை மற்றொரு கண் காணும் என்பதைப் பேரறிஞரும் ஏற்றொழுகினர்.

அம்மரபு கணினித் துறையிலும் வாழ்வதை அண்மையிற் கண்டேன். கொழும்பிலே மென்பொருட் பொறியியலாளராயுள்ள பழைய மாணவர் ஒருவர், உயர்தர வகுப்பு மாணவன் 'ஜாவா' மொழியில் எழுதிய நிரலொன்றைப் பார்வையிட்டார். யானும் அருகிருந்தேன். வகுப்பின் சராசரிப் புள்ளியைக் கணிக்கும் பகுதி அது.

"விடை சரிதானே, அண்ணை?" என்றான் மாணவன்.

"சரி, தம்பி. ஆனால் 'சராசரி காண்' என்று பெயரிட்டுவிட்டு, உள்ளே பட்டியலைப் புள்ளி வரிசையில் அடுக்கி, அறிக்கையும் அச்சிடுகிறாய். பட்டியலைத் தந்தவன் இதனை அறிவானா?"

காரணப்பெயர் காரணத்துக்குப் பொருந்தாத குற்றம் எனக்கு உடனே விளங்கிற்று. ஜாவாவிலே பட்டியலைக் கொடுத்தால் அதன் படி செல்வதில்லை. அதே பட்டியலே கையாளப்படும். சராசரி பார்க்கக் கொடுத்த இடாப்பு, பெயர்கள் இடம்மாறித் திரும்பி வருவதை ஒக்கும் இது. பழைய வரிசையை நம்பிப் புள்ளி பதியும் மற்றொரு பகுதி, ஒருவன் புள்ளியை வேறொருவன் பெயரில் எழுதிவிடும். விடை சரியாயிருந்தும் விளைவு அநீதியாகும்!

"மூன்று வேலைகளையும் மூன்றாகப் பிரி, அடுக்க வேண்டுமாயின் படியெடுத்து அடுக்கு. பட்டியலில் ஒருவருமே இல்லாவிடின் என்ன விடை தருவாய் என்பதையும் எண்ணு. இவை கட்டாயம். இப்பெயரைச் சுருக்கலாம் என்பது என் விருப்பம் மட்டுமே" என்றார் அவர்.

அவர் நிரலைக் குறைகூறினாரேயன்றி மாணவனைக் குறைகூறவில்லை. குற்றம் வேறு, தம் சுவை வேறு எனப் பிரித்தும் காட்டினார். மாணவன் முகம் வாடவில்லை. மறுநாளே திருத்திய நிரலுடன் வந்தான். சிவப்பு மைக்கு அஞ்சி எழுதுவதையே கைவிட்ட பிள்ளைகளை அறிந்த எனக்கு, இதன் அருமை நன்கு தெரியும்.

மாணவர்காள், உங்கள் ஆக்கங்களை அறிந்தோரிடம் காட்டக் கூசாதீர்கள். பழைய மாணவர்களே, கட்டடத்துக்கும் விளையாட்டிடத்துக்கும் வாரி வழங்கும் நீங்கள், ஓர் இளைஞனின் ஆக்கத்தைப் பொறுமையுடன் படிக்க ஒரு மணி நேரமும் வழங்குவீராக. அதுவும் கல்லூரித் தாய்க்குச் செய்யும் காணிக்கையே.