கதையும் ஒரு பட்டா

அமெரிக்காவில் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட ஒரு புத்தக வரிசை இருக்கிறது. காட்டை வெட்டி, புல்வெளியை உழுது, குடிசை போட்டுப் பிழைத்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் கதை. எழுதியவர் லாரா இங்கல்ஸ் வைல்டர். 1867இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மரவீட்டில் பிறந்தவர். 65 வயதில், 1932இல், தன் சின்ன வயசுக் கதையின் முதல் புத்தகத்தை வெளியிட்டார். 1943க்குள் எட்டுப் புத்தகங்கள் வந்துவிட்டன. 1974லிருந்து 1983 வரை தொலைக்காட்சித் தொடராகவும் ஓடியது. உழைத்தால் உயரலாம், யார் தயவும் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த நாடு கையில் எடுக்கிற புத்தகங்களில் இவையும் அடக்கம்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேரியில் மாலை வகுப்பு நடத்துகிற எனக்கு இந்தக் கதையில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. இது நிலத்தைப் பற்றிய கதை. உழைப்பைப் பற்றிய கதை. இரண்டைப் பற்றியும் பேச நம்மைவிட உரிமை உள்ளவர்கள் யார்?

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அந்த வரிசையில் இரண்டு புத்தகங்கள் எனக்குக் கிடைத்தன. ஒன்று 1932இல் வந்த முதல் புத்தகம். இன்னொன்று 1935இல் வந்த ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி’. நானே படித்து, நம்ம பேச்சில் தினம் கொஞ்சமாக வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். இரண்டு வாரம் ஓடியது. பிள்ளைகள் கேட்ட கேள்விகள்தான் என்னை இதை எழுத வைத்தன.

முதலில் அந்த எழுத்தில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பன் ஆணி இல்லாமல் மரமுளை அடித்தே கதவு செய்கிறான். மகள் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். எந்தக் கட்டை, எப்படித் துளை, எங்கே தோல்வார் என்று ஒவ்வொன்றாக வருகிறது. அம்மா வெண்ணெய் கடையும்போது கேரட்டைத் துருவிச் சாறெடுத்து நிறம் ஏற்றுகிறாள். மரத்திலிருந்து வடியும் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிறார்கள். பன்றி அறுக்கும் நாள் அந்த வீட்டில் திருநாள் மாதிரி. மூத்திரப்பையை ஊதிப் பந்தாக்கிப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், வாலைச் சுட்டுத் தின்கிறார்கள். இதைச் சொன்னபோது வகுப்பே குலுங்கியது. “அக்கா, எங்க தாத்தாவும் ஊதிக் குடுக்கும்க்கா!” என்றான் ஒருத்தன். அடுத்த நிமிஷம் பக்கத்துப் பையனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் இதை வெளியே சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். அங்கே அது வீரக் குடும்பத்தின் வாழ்க்கை. இங்கே அது வாயைத் திறக்கக்கூடாத சங்கதி. கறி ஒன்றுதான், தின்கிற ஆளுக்கு ஏத்த மாதிரி மானமும் அவமானமும் மாறிவிடுகிறது.

கிணறு வெட்டுகிற பகுதி இன்னும் ஆழமாகப் போனது. அப்பனும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து வெட்டுகிறார்கள். தினமும் இறங்குவதற்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார் அப்பன். அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம், அணைந்தால் உள்ளே விஷக்காற்று. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் இதெல்லாம் எதுக்கு என்று அசட்டையாக இறங்கி மயங்கி விழுகிறார். அப்பன் இறங்கிக் காப்பாற்றுகிறார்.

எங்க தாத்தாவும் கிணறு வெட்டினவர்தான். அவர் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பார் என்று ஆயா சொல்லும். அந்த அறிவு நம்மிடமும் இருந்தது. ஆனால் லாராவின் அப்பன் வெட்டியது அவர் வீட்டுக் கிணறு. எங்க தாத்தா வெட்டியதெல்லாம் ஊர்க் கிணறு. தண்ணி ஊறுகிற வரைக்கும் அவர் கால் பட்ட கிணறு, ஊறின பிறகு அவர் நிழல்கூடப் படக்கூடாது. “மொத தண்ணி பாத்தவன் உங்க தாத்தன். மொடக்குத் தண்ணி குடிக்கல” என்று ஆயா சொல்லும்போது அதில் அழுகை இருக்காது. கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொல்லும்.

பின்வரிசையில் இருந்த பையன் ஒருத்தன் மெதுவாகக் கேட்டான்: “மெழுகுவத்தி அணைஞ்சா எறங்க மாட்டாங்களாக்கா?” அவனுடைய மாமா பட்டணத்தில் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி, வராமலே போனவர். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். பாதுகாப்பு இல்லாமல் மனுசனைச் சாக்கடைக்குள் இறக்குவதையும் 2013 சட்டம் தடுத்திருக்கிறது. 1870இல் ஒரு பரதேசிக் குடியானவனுக்குக் கிடைத்த மெழுகுவர்த்தி, அந்த மாமாவுக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் கதையை அதோடு நிறுத்திவிட்டேன்.

இப்போது அந்த வீடு நின்ற இடத்துக்கு வருவோம். லாராவின் குடும்பம் 1869இல் கான்சாஸ் மாநிலத்தில் போய்க் குடியேறியது. அது காலி நிலம் அல்ல. ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களுக்கென்று ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்ட நிலம். வெள்ளையர் அங்கே வீடு கட்டியதற்கு அப்போது எந்தச் சட்ட உரிமையும் கிடையாது. லாராவின் அப்பன் மட்டுமல்ல, ஆயிரக்கணக்கானோர் அப்படி நுழைந்தார்கள். முதலில் ஆக்கிரமிப்பு, பிறகு அரசாங்கத்துக்கு நெருக்கடி, பிறகு சட்டம். 1870இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. ஓசேஜ் மக்கள் இன்றைய ஓக்லஹாமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்குக் குடியேறிகளுக்கு விற்கப்பட்டது.

புத்தகத்தில் இதெல்லாம் இப்படி வராது. ஓசேஜ் மக்கள் குதிரைகளில் நீளமான வரிசையாக அந்த வீட்டைத் தாண்டிப் போகிறார்கள். சின்னப் பெண் வாசலில் நின்று பார்க்கிறாள். இது அவர்கள் பூமிதானே, அவர்களுக்குக் கோபம் வராதா என்று அதற்கு முன்பே ஒரு ராத்திரி அப்பனிடம் கேட்டிருக்கிறாள். மேலே எதுவும் கேட்காமல் தூங்கச் சொல்லி அவளை அடக்கிவிடுகிறார் அப்பன். அந்தக் கேள்வியை 68 வயது எழுத்தாளர் மறக்காமல் எழுதி வைத்தார், பதிலை எழுதவில்லை. புத்தகத்திலேயே நேர்மையான இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

1935 பதிப்பின் தொடக்கத்தில் அந்தப் பூமியில் மனுசரே இல்லை, இந்தியர்கள்தான் இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. 17 வருஷம் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. 1952இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்ட பிறகு, ‘மனிதர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் ‘குடியேறிகள்’ என்று 1953இல் மாற்றினார்கள். லாராவும் ஒத்துக்கொண்டார்.

நமக்கு இது புதுசு இல்லை. “ஊரே திரண்டு வந்துச்சு” என்று சொல்வார்கள், அதில் சேரி இருக்காது. “அந்தப் பக்கம் ஆளே கெடையாது, பறத்தெருதான்” என்று வழி சொல்வதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். எழுதின புத்தகத்தில் ஒரு சொல்லை மாற்றிவிடலாம். பேச்சில் இருக்கிறதை யார், எந்தப் பதிப்பில் மாற்றுவது?

அடுத்து, யார் தயவும் இல்லாமல் வாழ்ந்தார்கள் என்ற பேச்சு. 1862இல் அமெரிக்க அரசு ஹோம்ஸ்டெட் சட்டம் என்று ஒன்று போட்டது. சின்னக் கட்டணம் கட்டி, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். இந்தச் சட்டத்தின் மூலம் மட்டும் 27 கோடி ஏக்கர் வரை கைமாறியது. லாராவின் அப்பனும் 1880இல் டகோட்டாவில் இப்படித்தான் நிலம் பதிந்தார். கண்பார்வை போன அக்கா மேரி பார்வையற்றோர் பள்ளியில் படித்ததற்கு டகோட்டா நிர்வாகம்தான் பணம் கட்டியது. கதைகளில் இந்தப் பணம் வரவே வராது. குடும்பமே உழைத்துப் படிக்க வைத்ததாகத்தான் வரும். புத்தகங்களைத் திருத்திச் செப்பனிட்ட மகள் ரோஸ் வைல்டர் லேன், ஏழைகளுக்கு அரசு உதவி செய்வதையே எதிர்த்து எழுதியவர்.

160 ஏக்கர் வாங்கினவன் தன் காலில் நின்றவன். உதவித்தொகையில் படிக்கிற நம்ம பிள்ளை மட்டும் ‘இலவசத்தில் வந்தது’. இந்தக் கணக்கை எந்தக் கணக்கு வாத்தியார் போட்டார்?

நமக்கும் ஒருதரம் நிலம் கொடுத்தார்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மவருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. ஆனால் என்ன ஆயிற்று என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்க ஆயா வீட்டு நிலம் ஒரு கல்யாணக் கடனுக்காக வைத்த கைநாட்டில் போனது. எழுதியிருந்தது என்ன என்று வைத்த விரலுக்குத் தெரியாது. அந்த மண்ணிலேயே ஆயா அப்புறம் நாற்பது வருஷம் கூலிக்கு நாத்து நட்டுச்சு. 1994 அக்டோபர் 10ஆம் தேதி, காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரை விட்டார்கள்.

அங்கே சட்டத்தை மீறி நுழைந்தவனுக்குப் பின்னாலேயே சட்டம் ஓடிவந்தது. இங்கே சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனவனுக்குத் துப்பாக்கி வந்தது.

லாரா குடும்பத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களும் ஏழைகள்தான். மின்னசோட்டாவில் வெட்டுக்கிளி வந்து விளைச்சலைத் தின்றது. 1876இல் ஒன்பது மாசத் தம்பி செத்துப்போனான். அயோவாவில் கடன் கட்ட முடியாமல் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனார்கள். தம்பி சாவும் இந்த ஓட்டமும் அந்தப் புத்தகங்களில் இல்லை. அழகான கதையில் தோற்றுப்போன ஏழைக்கும் இடம் கிடையாது போலிருக்கிறது. நிலம் பறிக்கிற அரசு எப்போதும் ஓர் ஏழையைத்தான் முன்னால் அனுப்பும். அவனுக்குக் கொஞ்சம் நிலம், ரயில் கம்பெனிக்கு நிறைய நிலம், பூர்வகுடிக்கு வழி.

2018இல் அமெரிக்கக் குழந்தை நூலகர்களின் சங்கம், லாரா பெயரில் 1954லிருந்து கொடுத்துவந்த விருதின் பெயரை மாற்றியது. பூர்வகுடிகளையும் கறுப்பர்களையும் அந்தப் புத்தகங்கள் காட்டுகிற விதம்தான் காரணம். உடனே புத்தகத்தையே எரிக்கிறார்கள் என்று கூச்சல். யாரும் எரிக்கவில்லை. பக்கத்தில் வேறு புத்தகங்களை வைக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த வேறு புத்தகங்கள் வந்துவிட்டன. ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்த லூயிஸ் எர்ட்ரிச் 1999இல் ‘தி பர்ச்பார்க் ஹவுஸ்’ எழுதினார். 1847இல் ஒரு பூர்வகுடிச் சிறுமியின் ஒரு வருஷ வாழ்க்கை. அவர்களும் வீடு கட்டுகிறார்கள், மரப்பாலில் சர்க்கரை காய்ச்சுகிறார்கள். வெள்ளையர் கொண்டுவந்த அம்மை வீட்டுக்குள் நுழைகிறது. கறுப்பின எழுத்தாளர் மில்ட்ரெட் டெய்லர் 1976இல் எழுதிய ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ மிசிசிப்பியில் 400 ஏக்கர் சொந்த நிலத்தை விடாமல் காப்பாற்றுகிற குடும்பத்தின் கதை. அதில் ஒரு சின்னப் பையனுக்குப் பள்ளியில் கிழிந்த பாடப்புத்தகம் கொடுக்கிறார்கள். அட்டையைத் திருப்பினால், வெள்ளைப் பிள்ளைகள் பல வருஷம் பயன்படுத்திக் கந்தலான பிறகு கறுப்புப் பிள்ளைக்கு ஒதுக்கியது என்று பட்டியல் இருக்கிறது. அவன் புத்தகத்தைக் கீழே போட்டு மிதிக்கிறான். இதை நம்ம பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

நிலத்தை எடுத்தவர்கள் பட்டாவோடு நிற்கவில்லை, கதையும் எழுதி வைத்தார்கள். பட்டா பீரோவில் இருக்கும். கதை பிள்ளைகளின் தலைக்குள் இருக்கும், ஆயிரம் தாசில்தார் வந்தாலும் அதை ரத்துசெய்ய முடியாது. அதனால்தான் கதையும் ஒரு பட்டா என்கிறேன். நிலத்துக்காகப் போராடும்போதே கதையையும் நம் பெயரில் பதிய வேண்டும்.

நம் துயரத்தை நாம் நிறைய எழுதியிருக்கிறோம், இன்னும் எழுதுவோம். ஆனால் பத்து வயசுப் பிள்ளைக்கு, ஆயா எந்த விரலில் நாத்தைப் பிடித்து எவ்வளவு ஆழத்தில் ஊன்றும், பாறையில் எங்கே தட்டினால் ஊத்து இருக்கிற சத்தம் கேட்கும் என்று யார் எழுதிக் கொடுத்தோம்? அந்தக் கைவேலையை அவ்வளவு பொறுமையாக, வெட்கமில்லாமல், பெருமையாகச் சொல்கிற வித்தையை லாராவிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் வாழ்கிற இன்னொரு சனத்தை ஆளில்லாத இடமாக ஆக்குகிற வித்தை மட்டும் நமக்கு வேண்டாம். இருளர் குடிசையை மறந்துவிட்டு நாம் சேரிக் கதை எழுதினால் நாமும் அதே வேலையைத்தான் செய்கிறோம்.

தோழர்களே, மாணவர்களே, உங்கள் தெருவில் எழுபதைத் தாண்டினவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பட்ட அடியைக் கேளுங்கள். கூடவே செய்த வேலையையும் கேளுங்கள்: எப்படிச் செஞ்சீங்க, எதால செஞ்சீங்க, யாரு சொல்லிக்குடுத்தாங்க. எந்த வயல் யார் பெயரில் இருந்தது என்பதையும் சர்வே நம்பரோடு குறித்துக்கொள்ளுங்கள்.